நோர்பரியிலிருந்து பார்னெட் வரை, மூக்கில் தண்ணீர் போன காரில்

ஜூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை 9.04. தென் லண்டனில், நோர்பரியில், மச்சான் பரமேஸின் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். போக வேண்டிய இடம் வடக்கே பார்னெட்டில் ஒரு கிரிக்கெட் மைதானம். தூரம் ஏறத்தாழ இருபது மைல். பகல் ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பரமேஸ் என் மனைவியின் தம்பி. ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். வீடுகளுக்கு பொய்லர் பூட்டுவது தொழில். அவருடைய கார் 1970-இல் அமெரிக்காவில் செய்தது. இரண்டு கதவு, கடும் பச்சை, லொறிக்குப் போதுமான எஞ்சின். கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அந்தக் காரின் அன்பர்கள் எனக்குத் திருத்தங்கள் அனுப்புவார்கள் என்று பரமேஸ் எச்சரித்திருக்கிறார்.

அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கே ஓட்டுநர் இருக்கும் வலப்பக்கத்தில் நான் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்ட்ரெத்தமில் பக்கத்தில் வந்து நின்ற பஸ் ஓட்டுநர், நான் குனிந்து எழுதிக்கொண்டே கார் ஓட்டுவதாக நினைத்து கண்ணாடியைத் திறந்து நீண்ட நேரம் பேசினார். பரமேஸ் அந்தப் பக்கத்திலிருந்து கையை அசைத்துக் காட்டிய பிறகுதான் போனார்.

இந்தப் பயணத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாக பரமேஸ் அந்தக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, எஞ்சினுக்குள் காற்றுப் போகும் பகுதி மட்டும் பாக்கி நின்றது. எஞ்சினை மூடும் பொனற்றின் நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியே எஞ்சினின் மேல் பூட்டிய கறுப்புக் குழல் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பரமேஸ் அதை மூக்கு என்பார். அதற்குக் கீழே கேக் தகரம் போல வட்டமான பெட்டி. பெட்டிக்குள் காற்றை வடிகட்டும் மடிப்புத் தாள். மூக்குக்குள் ஒரு சிறு கதவு. எஞ்சின் சும்மா ஓடும்போது அது மூடியிருக்கும். வேகமாக மிதித்தால் திறக்கும். எஞ்சினை நிறுத்தினாலும் திறக்கும். இதை அவர் அன்று காலையில் மூன்று முறை விளக்கினார்.

பெட்டியின் மூடி கடைசியில் ஒஹையோவிலிருந்து வந்தது. கதவு சுவீடனில் ஒரு பண்ணையில் கிடைத்தது. மடிப்புத் தாள், ஐம்பது வருடத்துக்கு மேல் பெட்டி பிரிக்காமல் கிடந்த அசல் தாள். ஒவ்வொன்றிலும் அது செய்யப்பட்ட மாதத்தின் முத்திரை உண்டு. கார் பிறந்த மாதத்துக்குப் பிந்திய முத்திரை ஒன்றிலும் இருக்கக் கூடாது. ஒரு தகர மூடிக்குப் பிறந்த மாதம் பார்க்கும் மனிதர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பார்னெட்டில் இந்தக் கார்களின் சங்கம் வருடத்துக்கு ஒரு நாள் கூடி, 'அசல்' என்று சான்றிதழ் கொடுக்கிறது. கார் தன் காலில் ஓடி வர வேண்டும். வழியில் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. உரிமையாளர் அல்லாத ஒருவர், நின்ற இடம், நேரம், காரணம் எல்லாவற்றையும் அவர்களுடைய படிவத்தில் பேனாவால் எழுத வேண்டும். நான் கிழக்கு லண்டனில் என் வீடிருக்கும் பிளேஸ்டோவிலிருந்து அதிகாலை ரயில் பிடித்து வந்தது அதற்காகத்தான்.

10.31. மீட்டரின்படி 12.3 மைல். ஆர்ச்வே முருகன் கோயிலடி. வாகன பூசைக்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். நோர்பரிக் கடையில் பவுணுக்கு ஐந்து என்று வாங்கிய எலுமிச்சங்காயில் நான்கை கார்ச் சில்லுகளுக்குக் கீழே வைத்தோம். ஐயர் வந்தார். சத்தத்தில் மந்திரம் கேட்காது என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சந்தனம், குங்குமம், பூ, மாவிலையால் தீர்த்தம் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதோடு முடிந்திருக்கலாம்.

"ஐயா, இந்த மூக்குக்கையும் கொஞ்சம்," என்றார் பரமேஸ்.

"உள்ளுக்குள்ள மெஷின் இருக்கோ?" என்று ஐயர் கேட்டார்.

"ஓம் ஐயா. அதுக்குத்தான் பதினொரு வருசம் அலைஞ்சனான்."

ஐயர் இரண்டு துளி தெளித்தார். பரமேஸுக்குப் போதவில்லை. "வடிவா ஊத்துங்கோ ஐயா," என்றார். செம்பில் மிச்சம் இருந்ததும், ஒரு பிடி செவ்வந்தி இதழும், மஞ்சள் அரிசியும் உள்ளே போயின. மழை தூறினால் காரை வெளியே எடுக்காத மனிதர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் படிவத்தில் 10.52 என்று எழுதினேன்.

11.20. ஹைகேற் ஹில் ஏற்றத்தில் கார் இருமியது. உச்சிக்குப் போனதும் பின்னால் கரும்புகை வந்தது. 11.46-க்கு ஈஸ்ட் பின்ச்லியில், ஒரு சலூன் வாசலில் நின்றுவிட்டது.

மூடியைக் கழற்றினோம். தாள் தோய்ந்து, அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் இதழ் ஒட்டியிருந்தது.

"கதவு மூடித்தானே இருந்திருக்கும்?" என்றேன்.

பரமேஸ் ஓர் இதழை நகத்தால் பிய்த்தெடுத்தார். "எஞ்சின் நிண்டால் திறக்கும்," என்றார். நான்காம் முறையாக.

புதுத் தாள் அடுத்த தெருவிலேயே வாங்கலாம். வாங்கிப் போட்டால் சான்றிதழ் போய்விடும். பரமேஸ் நடைபாதையில் குந்திவிட்டார். நான் சலூனுக்குள் போய் முடி உலர்த்தும் ட்ரையர் இரவல் கேட்டேன். முதலாளி துருக்கிக்காரர். எழுந்து வந்து பார்த்துவிட்டு, அந்த வட்டத் தாளை வாங்கிக்கொண்டுபோய் நாற்காலியில் வைத்து, கழுத்துத் துணியையும் விரித்தார்.

"முன்பக்கம் எவ்வளவு வெட்ட?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்தவர் சிரித்ததில் நுரை கண்ணாடியில் தெறித்தது.

சூட்டுக் காற்று பழைய பசையை இளக்கிவிடும் என்று பரமேஸ் உள்ளே ஓடி வந்து கத்தினார். ஆகவே குளிர்க் காற்று. இரண்டு ட்ரையர், முப்பத்தொரு நிமிடம். காசு வேண்டாம், எஞ்சின் எழும்பும்போது தான்தான் மிதிக்க வேண்டும் என்றார் முதலாளி. மிதித்தார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

12.29. புறப்பட்டோம்.

"அத்தான், அந்த நிண்டதுக்கு ட்ராபிக் எண்டு போடுங்கோ."

"நாப்பத்திமூண்டு நிமிசம் ட்ராபிக்கோ?"

"லண்டன்தானே. ஆர் நம்பாயினம்?"

"நான் எழுதீற்றன். பேனாவால."

"வெட்டுங்கோ."

"வெட்டினால், ஏன் வெட்டினது எண்டும் எழுதவேணும் மச்சான். படிவத்தில கிடக்கு."

"அக்கா உங்களோட எப்பிடித்தான் இருக்கிறாவோ," என்றார். அதன் பிறகு பார்னெட் வரை ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார். பதினொரு வருடத்தை என் பேனா கெடுத்துவிட்டது என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெட்ட மட்டும் கை வரவில்லை.

12.53. மைதானம். ஏழு நிமிடம் மிச்சம்.

பரிசோதகர் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். மண்ணிற மேலங்கி, கையில் சிறு டோர்ச். மூடியின் முத்திரையைப் பார்த்தார், கதவின் முத்திரையைப் பார்த்தார், தலையசைத்தார். தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் நிறுத்தினார். மடிப்புகளில் ஈரக்கறை ஒரு கோடாக ஓடியது. பிறகு படிவத்தை எடுத்து மெதுவாக வாசித்தார்.

"10.52. உரிமையாளரின் வேண்டுகோளின்படி காற்று வாய்க்குள் கோயில் நீர், பூ, அரிசி." நிமிர்ந்து பரமேஸைப் பார்த்தார். "உங்கள் வேண்டுகோளா?"

"ஆம்," என்றார் பரமேஸ், தரையைப் பார்த்தபடி.

"ட்ரையர். சூடா, குளிரா?"

"குளிர். அடுத்த வரியில் இருக்கிறது," என்றேன்.

அவர் அடுத்த வரியை வாசித்தார். "இந்தக் கறைக்குக் காரணம் எழுதியிராவிட்டால், தண்ணீரில் கிடந்த வேறொரு தாளுக்குப் போலி முத்திரை குத்திக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றுதான் எழுதியிருப்பேன். போன வருடம் ஒருவர் அப்படிச் செய்தார். அவருடைய படிவத்தில் ட்ராபிக் என்று எழுதியிருந்தது."

பரமேஸ் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் என் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை வாங்கி, விழாமல் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

12.59-க்கு முத்திரை விழுந்தது. நாங்கள் சான்றிதழை மரநிழலில் வைத்து வாசித்தோம். காற்றுப் பகுதி முழுவதும் அசல். கீழே, குறிப்பு என்ற இடத்தில், அந்த அம்மா அழகான கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'வழிபாட்டின்போது எஞ்சினை நிறுத்த வேண்டாம்.'

பரமேஸ் அதை இரண்டு முறை வாசித்தார்.

"அத்தான், ஐயர் இதுக்கு ஒத்துக்கொள்ளுவாரோ?"

"கேட்டால்தான் தெரியும்."

"அப்ப போற வழியில இறங்கிக் கேப்பம். நீங்களும் வந்தால் எழுதிக்கொள்ளலாம்."

பிளேஸ்டோவில் என் வாசலில் நிற்கும் கார் பதினோரு வயது ஜப்பான்கார். அதன் காற்று வடிகட்டி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது என்னை எங்கும் நடுவழியில் இறக்கிவிட்டதுமில்லை. அதைப் பரமேஸிடம் சொல்லவில்லை. அன்றைக்கு எழுதியது போதும் என்று அவரைக் காரில் தனியே அனுப்பிவிட்டு, 3.40-க்கு ஹை பார்னெட் நிலையத்தில் நோர்தேர்ன் லைன் ரயில் பிடித்தேன். ரயில் ஆர்ச்வேயில் நின்றபோது, மேலே தெருவில் அந்த எஞ்சின் நிறுத்தப்படாமல் உறுமிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கவில்லை.