அப்பிடியே அனுப்புங்கோ

மாஸ்டரை நினைத்தால் அவருடைய முகம் பிறகுதான் வரும். முதலில் வருவது இடதுகைப் பெருவிரல். யாராவது ஒரு செய்தியைச் சொல்லி, அதை அவர் பென்சிலால் எழுதி முடித்ததும், அந்தப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கும். சொற்களை எண்ணுகிறார். அனுப்புகிறவரின் பெயர் அந்தக் கணக்கில் சேராது. எண்ணிய தொகையை மேலே குறித்துவிட்டு, எழுதியதைத் திருப்பி வாசித்து, "சரியோ?" என்று கேட்பார். சொன்னவர் வாயைத் திறந்து "ஓம், சரி" என்று சொல்லவேண்டும். தலையாட்டினால் போதாது. என் வீட்டிலிருந்து வந்த ஆறு சொற்களை அந்த விரல் எண்ணியபோது நான் அங்கே இருக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவன் போலத்தான் இத்தனை வருடமும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். சொந்த ஊர் பளை. கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதி, தன் வீட்டிலிருந்தே வானொலியில் செய்தி அனுப்பவும் வாங்கவும் அரசாங்க அனுமதி எடுத்திருந்தார். அறுபதுகளில் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் மின்சாரம் ஏது? லொறி பற்றரி ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டி, அரிசி ஆலைக்கு உருட்டிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டு பனைகளுக்கு நடுவே அவர் இழுத்துக் கட்டியிருந்த கம்பிக்குச் சனம் பேய்க்கம்பி என்று பெயர் வைத்திருந்தது. பேயோடு கதைக்கிறாரோ இல்லையோ, பொழுதுபட்டதும் வவுனியாவிலிருந்த ஒரு பறங்கியரோடு கதைப்பார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், இவரைப்போலவே அனுமதி எடுத்தவர். இருவரும் கட்டுக்கட்டென்று தந்தி அடித்து ஒருவருக்கொருவர் பயிற்சிச் செய்தி அனுப்புவார்கள். வாங்குகிறவர் சொற்களை எண்ணி, அனுப்பியவரின் தொகையோடு ஒத்துவந்தால்தான் கிடைத்தது என்று மறுமொழி கொடுப்பார். ஒரு சொல் குறைந்தால் முழுவதையும் திரும்ப அடிக்கவேண்டும்.

வேலை மினக்கெட்ட விளையாட்டு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒரு மாரிக்குக் குளம் நிரம்பி வான்பாய்ந்து, தெருவும் தண்டவாளமும் தண்ணீருக்குள் போய், தந்திக் கம்பங்களும் மரத்தோடு மரமாக விழுந்தபோது, அந்த விளையாட்டைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அரசாங்கக் காரியாதிகாரி வந்து, சனத்தின் செய்திகளையும் அனுப்பலாம் என்று அனுமதி கொடுத்தார். மாஸ்டர் வீட்டு முற்றத்தில் வரிசை நின்றது. ஆலை முதலாளி தன் வவுனியாக் கடைக்குச் செய்தி சொன்ன கதையை ஊர் பிறகு கனகாலம் சொல்லிச் சிரித்தது. முதலாளி முல்லைத்தீவு முஸ்லிம், நல்ல மனிதர், வாய் மட்டும் காரம். "நெல்லு மூட்டையை மேலை ஏத்தச் சொல்லுங்கோ அந்தக் கழுதையிட்டை" என்றிருக்கிறார். மாஸ்டர் எழுதி, எண்ணி, வாசித்துவிட்டு, "கழுதையும் போகட்டோ முதலாளி?" என்று முகத்தை மாற்றாமல் கேட்டாராம். முதலாளி சிரித்துக்கொண்டே கழுதையை எடுத்துவிடச் சொன்னார். எடுப்பதும் வைப்பதும் சொல்கிறவர் கையில். மாஸ்டர் தானாக ஒன்றும் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார், பிழையென்று தெரிந்தாலும் தொடமாட்டார். உரிய ஆளைத் தவிர வேறொருவருக்கும் சொல்லவும் மாட்டார். "மாஸ்டருக்கு முன்னாலை தும்மிப்போடாதையுங்கோ, தும்மலையும் எழுதிப்போடுவார்" என்று சனம் பகிடி பண்ணும்.

நான் அப்போது வவுனியாவில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தேன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, முரசுமோட்டையில் வயல் செய்தவர்கள். கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் கண்டறியாத ஊரிலிருந்து வந்த குடும்பம். எங்கள் மூவரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மழை விட்டபாடில்லை. வடக்கே இருந்து ஒரு கதையும் இல்லை. தெரு அறுந்த இடம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். கச்சேரியில் இரண்டு பேர் உழவு இயந்திரத்தில் போகிற இடம் வரை போய், மிச்சத்தை நடந்தும் நீந்தியும் கடக்கப்போவதாகச் சொன்னார்கள். அவர்களோடு போக நானும் பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

புறப்படுகிற காலையில்தான் அந்தப் பறங்கியர் நான் தங்கியிருந்த வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார். மழைச் சட்டையின் உள்ளே இருந்து காகிதத்தை ஈரம் படாமல் எடுத்துத் தந்தார். தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில். அவருக்குத் தமிழ் அரைகுறை. காதில் விழுந்த எழுத்தை எழுத்தாகவே பிடித்து எழுதியிருந்தார், ஒன்றும் பிசகவில்லை. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். "நானும் அப்பாவும் சுகம். பாதை திறக்கும்வரை வரவேண்டாம். அம்மா."

என் முகத்தைப் பார்த்து அந்த மனிதரும் சிரித்தார். மறுமொழி இருக்கிறதா என்று கேட்டார். காகிதத்தை வாங்கிப் பறங்கியருக்கு விளங்குகிற மாதிரி அதே ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "மிகவும் சந்தோசம். அப்பாவை மழையில் வயலுக்கு விடவேண்டாம். காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லவும்." அப்பாவுக்கு மாரியில் முழங்கால் நோகும். பையை அவிழ்த்தேன். உழவு இயந்திரத்தில் போனவர்கள் நான் இல்லாமலே போனார்கள். கடைக்குப் போய் இடியப்பமும் சொதியும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

வெள்ளம் வடிந்து முதல் லொறி புறப்பட்டபோது அதில் ஏறிப் பரந்தனில் இறங்கி நடந்தேன். கையில் அப்பாவுக்கு வாங்கிய மழைக்கோட்டு. படலையைத் திறந்ததும் கண்ணில் பட்டது மாட்டுக்கொட்டில். கூரை இல்லாமல் கப்புகள் மட்டும் நின்றன. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். குசினிக்குள்ளிருந்து அம்மா வெளியே வந்தா. வெள்ளைச் சேலை. நெற்றியில் ஒன்றும் இல்லை.

வயலோரக் கொட்டிலில் கட்டியிருந்த கன்றை அவிழ்க்கப் போனவரைத் தண்ணீர் இழுத்துப் போய் மதகில் சேர்த்திருக்கிறது. எனக்குச் செய்தி வந்ததற்கு முதல்நாளே எல்லாம் முடிந்துவிட்டது. எரிக்கக் காய்ந்த விறகு ஊரெல்லாம் தேடியும் இல்லை. வீட்டோடு இருந்த மாட்டுக்கொட்டிலின் கூரையைப் பிரித்து, அந்த மரத்தில் எரித்திருக்கிறார்கள். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். ஒரே மகன் நான் வவுனியாவில் சந்தோசம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். அவா அழவில்லை. "உனக்குச் சொன்னால் நீ நிப்பியோ? தண்ணிக்குள்ளை இறங்கியிருப்பாய். ஒண்டைக் குடுத்திட்டு நிக்கிறன். ரண்டாவதையும் குடுக்கச் சொல்லுறியோ?" என்றா.

அம்மாவோடு கோபிக்க முடியுமா? ஆனால் கோபம் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும். அது மாஸ்டர் வீட்டுக்குப் போனது. அவர் முற்றத்தில் நனைந்த புத்தகங்களை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். மதகிலிருந்து அப்பாவைத் தூக்கியவர்களில் மாஸ்டரும் ஒருவர் என்று எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகிற வழியில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். "உங்கடை கையாலை தூக்கிப்போட்டு, அதே கையாலை எப்பிடி அடிச்சனீங்கள், அப்பா சுகமெண்டு?" என்று கத்தினேன். அயலவர்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். அவர் எழும்பி நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அது உங்கடை அம்மாவின்ரை செய்தி தம்பி. நான் ஒருக்காக் கேட்டனான். 'அப்பாவும்' எண்டதும் போகட்டோ அக்கா எண்டு கேட்டனான். அவா என்ரை முகத்தைப் பாத்து, 'ஓம், அப்பிடியே அனுப்புங்கோ' எண்டவா. அதுக்கு மேலை நான் கை வைச்சால், பிறகு ஆர் என்னை நம்பி ஒரு சொல்லுத் தருவினம்?"

எனக்கு அந்த நியாயம் வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஏதோ பேசினேன். இப்போது எழுத முடியாத சொற்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மெல்லச் சொன்னார். "நீங்கள் தந்த மறுமொழியும் வந்தது. அதையும் நான்தான் கொண்டுபோனனான்."

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. என் சந்தோசத்தையும், வயலையும், எண்ணெயையும் அந்த வீட்டுக்குள் ஒருவர் கொண்டுபோயிருக்கவேண்டும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. செத்தவீட்டுச் சனம் கூடியிருந்த இடத்திலிருந்து அம்மாவை வேலியோரம் தனியே கூப்பிட்டிருக்கிறார். மற்றவர் காதில் விழக்கூடாதே. தமிழில் மாற்றி எழுதிய காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தாராம். அழுது வீங்கிய கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று அம்மா திருப்பிக் கொடுத்திருக்கிறா. அவர் வாசித்திருக்கிறார். வயலுக்கு விடவேண்டாம் என்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அம்மா, "இன்னும் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறா. பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஓம் என்றிருக்கிறார். "எல்லாத்தையும் வாசியுங்கோ" என்றிருக்கிறா. வாசித்தார். எண்ணெய் பூசச் சொன்னதையும் வாசித்தார். "இன்னொருக்கால் வாசியுங்கோ" என்று கேட்டு, முதலிலிருந்து மறுபடியும் கேட்டிருக்கிறா.

"அண்டைக்குத்தான் தம்பி, இந்தச் சாமானைத் தூக்கிக் கிணத்துக்குள்ளை போடுவமோ எண்டு நினைச்சனான்" என்று மாஸ்டர் சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. நான் இரங்கவில்லை. கையிலிருந்த மழைக்கோட்டை அவருடைய கதிரையில் வீசிவிட்டு வந்தேன். அடுத்தநாள் அது மடிப்புக் கலையாமல் எங்கள் படலையில் தொங்கியது. தனக்கு வராத எதையும் அந்த மனிதர் வைத்துக்கொள்ளமாட்டார்.

அதன்பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. எங்கள் மரத்தில் முதல் மாங்காய் பழுத்தால் அம்மா அவருடைய வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்புவா. எனக்கு எரியும். "அந்த மனிசன் ஒரு சொல்லு மாத்தியிருந்தால் நான் உன்னைத் தேடி எந்த மதகுக்குப் போறது?" என்று கேட்பா. உழவு இயந்திரத்தில் போன இருவரில் ஒருவர் திரும்பி வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் மனம் கேட்கவில்லை. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் உரிமையை என்னிடமிருந்து இரண்டு பேர் பேசி எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் சொன்னார், ஒருவர் அடித்தார். எனக்கு உயிரைத் தந்தார்கள் என்று நன்றி சொல்லவேண்டுமா, அப்பாவைப் பறித்தார்கள் என்று கோபிக்கவேண்டுமா? மாஸ்டர் மாற்றலாகிப் பளைக்குப் போய், அங்கேயே காலமானார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அதற்காக வருந்துகிறேனா என்று கேட்டால் அதுவும் தெரியாது.

இப்போது எனக்கு அப்பாவைவிட வயது கூட. போன மாதம் வவுனியா ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னையும் மனைவியையும் இருத்தி வைத்து, எனக்குக் கனநாள் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். எங்களுக்கு ஒரே மகன், கனடாவில் இருக்கிறான். அங்கே இருப்பதற்கான வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது வெளிக்கிட்டானென்றால் திரும்பிப் போகமுடியாது. பெண்சாதியும் பிள்ளைகளும் அங்கே. கேள்விப்பட்டால் நிற்கமாட்டான், என் பிள்ளைதானே. ஆஸ்பத்திரிக்குப் போனீர்களாமே, என்ன சொன்னார்கள் என்று கேட்டு ஒரு நாளில் பலமுறை எழுதிவிட்டான். எனக்கு ஃபோனின் சின்ன எழுத்துப் பிடிபடாது. மனைவிதான் எழுதுவாள்.

"சொல்லுங்கோ, எழுதிறன்" என்றாள்.

"நானும் அம்மாவும் சுகம். அலுவல் முடியும்வரை வரவேண்டாம்."

அவள் எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். மாஸ்டரின் கதை அவளுக்கு எத்தனையோ முறை சொன்ன கதை. "'நானும்' எண்டதும் போகட்டோ?" என்று கேட்டாள். என்னுடைய இடதுகைப் பெருவிரல் விரல்களின் கணுக்களில் ஏறிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். ஆறு சொல்.

"ஓம். அப்பிடியே அனுப்பு" என்றேன்.

மறுமொழி உடனே வந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். இப்பதான் நிம்மதி அப்பா, அடுத்த வருசம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாறன் என்று எழுதியிருந்தான். அதோடு நிறுத்தி, ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எல்லாத்தையும் வாசி" என்றேன்.