தலையணைக்கடியில் மடக்குக்கத்தி

பிரவீனாவிடம் ஒரு பொருளைக் காட்டி "நல்லா இருக்கா?" என்று தெரிந்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டவர்கள் பட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே, செனாயில் மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் அவள் பதினான்கு வருடமாகத் தரப் பரிசோதகர். மூடியின் வாயை அளந்து, மயிரிழை கூடினாலும் பெட்டியோடு சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த குத்துவிளக்கு ஒரு பக்கம் சாய்கிறது என்று மூன்று முறை கடை ஏறி மாற்றினாள். பெண் பார்க்க வந்த கவினின் சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு ரகம் என்பதை அன்றே கண்டுபிடித்து, தாலி கட்டி ஒரு வருடம் கழித்து அவனிடம் சொன்னாள்.

இப்படிப்பட்டவள்தான் பேய்க்குப் பயந்து கத்தி வாங்கக் கிளம்பினாள். பேய்க்கு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வேலையில் பெட்டி டேப் வெட்ட என்றுதான் சொல்லுவாள்.

விஷயம் இதுதான். பிள்ளைத்தாய்ச்சி இரும்பில்லாமல் வாசல் தாண்டக்கூடாது, உச்சிவேளையில் தனியாகப் படுக்கும்போதும் இரும்பு பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது சிகாமட்டில் இருக்கும் அவள் அம்மா ராசம்மாவின் சட்டம். முதல் தடவை பிரவீனா உண்டானபோது ராசம்மா ஓர் ஆணியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "ஒரு ஆணியப் பார்த்து ஓடுற பேய்க்கு நான் ஏன்மா பயப்படணும்?" என்று சிரித்துவிட்டு, பிரவீனா அதைக் குப்பையில் போட்டாள்.

இருபத்திரண்டாவது வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. நஞ்சுக்கொடியில் கோளாறு, யார்மேலும் தப்பில்லை என்று மருத்துவர் சொன்னார். முகம் பார்க்கிறாயா என்று தாதி கேட்டபோது பிரவீனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கவினும் அவன் அண்ணனும்தான் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. ராசம்மா அந்த ஆணியைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பிரவீனாவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானாள். பத்தொன்பதாவது வாரத்தில் ஒருநாள் கவினிடம், "எனக்கு ஒரு கத்தி வேணும். மடக்குற கத்தி. தெனம் ஹேண்ட்பேக்ல வச்சுக்கணும்" என்றாள். கவின் காரணம் கேட்கவில்லை. போனில் தேடி, இருப்பதிலேயே விலையுயர்ந்ததாக ஒன்றை வரவழைத்தான். வெள்ளை வெளேரென்று அலகு. பீங்கானாம்.

"துருவே பிடிக்காது, இறகு மாதிரி லேசு" என்றான் பெருமையாக.

பிரவீனா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்து அலகில் வைத்தாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது.

"அலமாக்! நான் கத்தி கேட்டா நீ சட்டி வாங்கிட்டு வந்திருக்க. இதுக்கு ஆயர் ஈத்தாம் சட்டிக்கடையில ஒரு பூந்தொட்டி வாங்கியிருக்கலாம்லா."

சனிக்கிழமை அவளே கூலாய் டவுனில் சுப்ஹான் பாயின் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். பாய் கண்ணாடி மேசைமேல் மூன்று கத்திகளை வரிசையாக வைத்தார். அவள் கையை நீட்டியும் எடுத்துத் தரவில்லை.

"நீங்களே எடுத்துக்குங்க தங்கச்சி. கத்திய கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு எங்க அத்தா சொல்லுவாரு. எதுக்கு, டேப் வெட்டவா?"

"ஆமா பாய்."

பாய் அவள் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு மூன்றையும் உள்ளே தள்ளிவிட்டு, அடித்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். மரப்பிடி, சாம்பல் நிற அலகு. "இது துருப்பிடிக்கும், எண்ணெய் போடணும். ஆனா அசல் இரும்பு. பாஸார்ல சும்மா வெளிய எடுத்துக் காட்டாதீங்க, போலீஸ் பார்த்தா ஆயிரம் கேள்வி கேப்பான்."

காந்தம் டப்பென்று ஒட்டியது. அந்தச் சத்தம் பிரவீனாவுக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசை பரிசோதனைக்கூடம் ஆனது. அலகு ஏழு சென்டிமீட்டர். கட்டைவிரலால் தள்ளித் திறக்க நல்ல அழுத்தம் வேண்டியிருந்தது. திறந்ததும் பூட்டு விழுகிறதா, அலகு இடவலமாக ஆடுகிறதா என்று பார்த்தாள். இருநூறு தடவை திறந்து மூடினாள். தலைகீழாகப் பிடித்து உதறினாள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாள். ஐந்து கிலோ அரிசிப் பையை மேலே வைத்து நசுக்கினாள். ஒருதடவைகூடத் தானாகத் திறக்கவில்லை. செய்தித்தாளை நீளவாக்கில் கிழிசல் இல்லாமல் வெட்டியது. ஒரு குறையுமில்லாத பொருளைப் பார்ப்பது அவளுக்கு அபூர்வம். மனசுக்குள் தேர்ச்சி முத்திரை குத்திவிட்டு, துளி தேங்காய் எண்ணெய் தடவி மடக்கினாள்.

அப்போது அவளுக்கு இரவு ஷிப்ட். பகலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தாள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருந்தார்கள். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுவாள். கவினுக்குச் சிங்கப்பூரில், துவாஸில் வேலை. விடிவதற்கு முன் எல்லை தாண்ட வேனேறினால் இரவு எட்டுக்குத்தான் வீடு. ஆகப் பகல் முழுக்க வீட்டில் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை கத்தியை மடக்கித் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் தூங்கினாள். மூன்று மணிக்கு விழித்தபோது அது மெத்தைமேல் அவள் இடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. திறந்து கிடந்தது. முனை கால்மாட்டைப் பார்த்திருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். தேறியது என்று முத்திரை குத்திய பொருள் இப்படிச் செய்யலாமா? திருகாணியை முடுக்கினாள். எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்தாள். கத்தி மறுபடியும் தேறியது.

செவ்வாய்க்கிழமையும் அதே இடத்தில், அதே திசையில், திறந்து கிடந்தது.

புதன்கிழமை மடக்கிய கத்தியின்மேல் டேப்பை மூன்று சுற்று இறுக்கி ஒட்டினாள். வாசல் கிரில்லைப் பூட்டி, பின்கதவைத் தாழிட்டு, சாவியை அரிசிப் பைக்குள் புதைத்துவிட்டுப் படுத்தாள். மூன்று மணிக்குக் கத்தி திறந்திருந்தது. டேப் அறுபடவில்லை. முழு நீளமாக உரிக்கப்பட்டு, கட்டிலின் தலைப்பலகையில் கோணல் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த தடவை உரிக்க வசதியாக ஒரு நுனி மட்டும் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் அப்படி நுனி மடிப்பவள் பிரவீனா ஒருத்திதான்.

அப்போதுதான் பயந்து சமையலறைக்கு ஓடினாள். அரிசிப் பையைக் கிளறினாள். சாவி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கவினைக் கூப்பிட்டாள்.

"நீ வீட்டுக்கு வந்தியா?"

"நான் துவாஸ்லலா இருக்கேன். என்னாச்சு?"

சொன்னாள். அவன் பதறினான். "அதைத் தூக்கிப் போட்டுரு பிரவீனா. தூக்கத்துல கையில வயித்துல பட்டா என்ன ஆகும்?"

"போன தடவையும் தூக்கித்தான் போட்டேன்" என்றாள் அவள். அது இருபத்தொன்றாவது வாரம். அந்தக் கெட்ட வாரத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அந்த வாரம் தாண்டும்வரை இரும்பை விட அவள் தயாராக இல்லை. இரும்பே தன்னைக் குத்தினாலும் சரி என்கிற அளவுக்கு அவளுக்குப் பயம் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை அலமாரிமேல் போனைச் சாய்த்துவைத்து, சார்ஜரைச் செருகி, படம் எடுக்கவிட்டுப் படுத்தாள். மூன்று மணிக்கு எழுந்தாள். கத்தி திறந்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே வேகமாக ஓட்டிப் பார்த்தாள்.

இரண்டு மணி நேரத்துக்குப் படத்தில் ஒன்றுமில்லை. அவள் இடப்பக்கமாக ஒருக்களித்துத் தூங்குகிறாள். மின்விசிறி சுற்றுகிறது. பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம் ஆனபோது, படத்திலிருந்த பிரவீனா எழுந்து உட்கார்ந்தாள்.

கண் மூடியிருந்தது. தலையணைக்கடியில் கைவிட்டுக் கத்தியை எடுத்து, கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் திறந்தாள். இருநூறு தடவை செய்து பழகிய கை. முனையைக் கால்மாட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடிய கண்ணோடு முகம் மெதுவாகக் கீழே இறங்கியது. கட்டிலின் விளிம்பு உயரத்துக்கு மேல் வளராத யாரையோ பார்ப்பதுபோல இருந்தது.

உதடு அசைந்தது. பிரவீனா சத்தத்தைக் கூட்டினாள். மின்விசிறி இரைச்சலுக்குள் அவள் குரலே மெதுவாக, கொஞ்சலாகக் கேட்டது.

"கிட்ட வராத கண்ணு. அங்கயே நில்லு. தம்பி சின்னவன், பயந்துக்குவான்."

ஐம்பது நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். இடையிடையே, "அழாதம்மா" என்றாள். ஒருதடவை, "தெரியும்டா, தெரியும்" என்றாள். அப்புறம் கத்தியை இடுப்போரமாக வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் இன்னும் தெரியவில்லை. தம்பி என்று யார் அவளுக்குச் சொன்னது என்பதை நினைத்தபோது சமையலறை ஜில்லென்று ஆனது. ஆனால் பிரவீனாவின் நெஞ்சை அறுத்தது அது இல்லை. நான்கு நாளாக யார்மேல் கத்தியை நீட்டிக்கொண்டிருந்தோம் என்பதுதான். பேய் என்று நினைத்து இரும்பு வாங்கியிருக்கிறாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. முகம் பார்க்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளே, அந்தப் பிள்ளை.

மறுபடி கவினுக்குப் போன் போட்டாள். பின்னால் இயந்திரம் இரைந்தது.

"எங்க புதைச்சீங்க?"

எதை என்று அவன் கேட்கவில்லை. இயந்திரச் சத்தம் தள்ளிப்போனது, எங்கேயோ ஓரமாக நடந்திருக்கவேண்டும். "பொந்தியான்ல. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து இடுகாட்டுல. பேர் எழுதல. நாமதான் பேரே வைக்கலல்லா."

"நீ பார்த்தியா அவள?"

"பார்த்தேன்."

"யார் மாதிரி இருந்தா?"

"உன்ன மாதிரி" என்றான் கவின். "அந்த நெத்தி அப்படியே உன்னோடது. நீ கேப்பேன்னு ரெண்டு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன்."

அன்றிரவு அவள் வேலைக்குப் போனாள். எட்டுப் பெட்டி மூடிகளைத் திருப்பி அனுப்பினாள் என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் படுக்கையறைக்கு வந்தவள், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்தக் கெட்ட வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கப்போகிறது. இரும்பை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் கருவியை வைத்தும் அதை அளக்கமுடியாது. கத்தியை மடக்கிச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினாள். திரும்பிவந்து, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து படுத்து, சுவரோரம் ஒரு சின்ன உடம்புக்கு இடம் விட்டாள்.

"வாம்மா" என்றாள், வெறும் அறையைப் பார்த்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே. "வந்து படு. தம்பிய மட்டும் எழுப்பிடாத."

அயர்ந்து தூங்கிவிட்டாள். மூன்று மணிக்கு விழித்தபோது வயிற்றுக்குள் பலமாக ஓர் உதை விழுந்தது, பிறகு இன்னொன்று. கையை வயிற்றில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கூப்பிட்டும் யாரும் வந்து படுத்திருக்கவில்லை. பிரவீனா வாய்விட்டு அழுதது அதைப் பார்த்துத்தான்.