எடை மிஷினுக்குத் துண்டு போர்த்தியவள்

ஒரே மாதத்தில் பத்து கிலோ இளைத்தவன் நான். சும்மா சொன்னேன். இளைத்தது மூன்றுதான். வேளைக்கு ஒரு தம்ளர் மோர் மட்டும் குடித்து, பஸ் ஸ்டாண்டில் கிறங்கி விழுந்து, முட்டி பிசகி வீட்டில் படுத்துக் கிடந்ததில் அது ஐந்தாகத் திரும்பி வந்தது.

முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி அறையில்தான் அந்த ஹாக்கிக்காரப் பெண்ணைப் பார்த்தேன். நெடுநெடு உயரம், ஒற்றைச் சடை, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பழைய ஜெர்சி. வந்ததும் மூலையில் கிடக்கும் எடை மிஷின்மேல் தன் துண்டைப் போர்த்துவாள். அப்புறம் உட்கார்ந்து அவித்த முட்டை தின்பாள்.

“ஏந்தங்கச்சி, மிஷினுக்குக் குளிருதாக்கும்?” என்றேன்.

“அதுக்கு வாய் கூட, அண்ணாச்சி. அது பேச்சக் கேட்டுத்தான் பட்டினி கெடந்தேன். ஓடும்போதே கால் எலும்பு கீறிட்டு. இப்ப தின்னாத்தான் எலும்பு கூடும்ங்காவ. தின்னா எடை ஏறுது. நம்பரப் பாத்தேன்னா திரும்பவும் பட்டினி கெடப்பேன்.”

“டீம்ல கேலி பண்ண மாட்டாளுவளா?”

“பண்ணுதாளுவ. நான் நின்னா கோலுக்குக் கதவு போட்ட மாதிரி இருக்காம். மொதல்ல நிக்கணும்லா!” என்று ஒரு முட்டையை என் கையில் வைத்தாள். “நீங்க என்ன சாப்ட்டீய?”

மோர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தின்றேன்.

ஒரு நாள் அவளை எலும்பு கீறிய காலில் மட்டும் நிற்கச் சொன்னார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கால் நடுங்கியது, ஆனால் தாங்கியது. மறு காலை ஊன்றாமலே என் பக்கம் திரும்பி...

“ஏங்க, சோறு போட்டு எம்புட்டு நேரமா கூப்பிடுதேன்!” அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி. உங்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை.

பசியில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. “இந்தா வாரேன்” என்று எழுந்துவிட்டேன்.