அத்தை கையில் முறிந்த டேப்

மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் போகும் வழியில் இருந்த அப்பாவின் பட்டறைக்குப் படகு எஞ்சின்கள்தான் வரும். தேய்ந்துபோன போல்ட் துளைகளில் புதிதாக மரை போடுவது அத்தையின் வேலை. அவள் அப்பாவின் தங்கை. மரை வெட்டும் எஃகுத் திருகுக்கு டேப் என்று பெயர்; அப்பா தொட்டால் அது முறிந்துவிடும். உடனே அதைச் செய்தவனின் பரம்பரையையே திட்டுவார். அத்தை எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நிதானமாக இறக்குவாள். அவள் கையில் ஒன்றுகூட முறிந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தின் கடைசியில், வைப்பினிலிருந்து ஒரு படகுக்காரர் எஞ்சின் ஹெட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். எங்களைப் போல அவரும் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம்தான். ஒரே ஒரு துளைதான் தேய்ந்திருந்தது.

"சாயா குடிச்சிட்டு வாங்க, முடிச்சிடறேன்" என்றாள் அத்தை.

அவர் போகவில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்று, லுங்கியைப் பாயாகக் கட்டிக் கரைசேர்ந்த கதையை ஆரம்பித்தார். அத்தை சிரித்தாள். கை மட்டும் திருகிக்கொண்டே இருந்தது, முன்பக்கமாகவே. 'டிக்' என்றது. டேப்பின் பாதி துளைக்குள் மாட்டிக்கொண்டது.

"உன் கையிலயா?" என்றார் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே மாட்டியதை உளியால் தட்டித் துகள் துகளாகத்தான் எடுக்க முடியும். அத்தையே எடுப்பதாகச் சொன்னாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மற்றப் படகுகளெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. இவர் மட்டும் தினமும் பட்டறைக்கு வந்தார்.

"ஆயோ?" என்பார், முடிந்ததா என்று மலையாளத்தில்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பாள் அத்தை. அவருக்குக் கோபமே வரவில்லை.

அப்பாவுக்குத்தான் மானம் போயிற்று. என்னையும் அழைத்துக்கொண்டு அந்த டேப்பை வாங்கிய பிராட்வே கடைக்குச் சண்டைக்குப் போனார்.

"பின்னால திருப்பாம இறக்கினா எந்த டேப்பும் நிக்காது சேட்டா" என்றார் கடைக்காரர்.

"என் தங்கச்சிக்கா சொல்லித்தர்றீங்க?" என்று கத்தி, வேறொரு டேப்பை வாங்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பினார்.

பட்டறையில் அத்தையும் படகுக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹெட்டில் துளை சுத்தமாக இருந்தது.

"எப்ப எடுத்தே?"

"முந்தாநாளே எடுத்தாச்சே" என்றார் படகுக்காரர். அத்தை அவர் காலை மிதித்தாள்.

"நல்ல டேப் வரட்டும்னு இருந்தேன்ணா."

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. முந்தாநாளே எடுத்துவிட்டால் நேற்று இவர் எதற்கு வந்தார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அம்மா ஓடிவந்து, என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்பது, தை மாதம் அத்தையின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது முறை பாயசம் வாங்கியபோதுகூட எனக்கு விளங்கவில்லை.