மேல் கம்பி

முறுக்கன் தன் மனைவியின் அண்ணனுடைய தாடையை உடைத்தது ஒரே ஒரு நாள் கூலிக்காக.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதை நம்பி எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களும் பாதியில் நின்றுபோயின. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆள் பிடிக்கும் முக்கில் இருநூறு பேர் நிற்பார்கள். ஒரு வண்டி வரும். ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே நான்கு விரலை நீட்டுவார். இருநூறு பேரும் அந்த நான்கு விரல் மேல் பாய்வார்கள். முழங்கையால் விலாவில் இடிப்பதும், வண்டியில் ஏறிவிட்டவனின் காலரைப் பிடித்துக் கீழே தள்ளுவதும் அங்கே அன்றாடம். உதட்டு ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

முறுக்கன் கம்பி கட்டுபவன். கட்டுக்கம்பியை இரண்டே சுற்றில் இறுக்கிவிடும் வேகத்துக்கும், மூக்கு நுனியில் நிற்கும் கோபத்துக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. அன்று நான்காவது ஆளாக வண்டியில் ஏறியவர் அவன் மச்சான், கொத்தனார். முறுக்கன் அவர் காலைப் பிடித்து இழுத்தான். விழுந்தவர் எழுவதற்குள் கம்பி வளைக்கும் இரும்புச் சாவியால் தாடையில் ஓங்கி அடித்தான். பிறகு அந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்து வேலைக்கும் போய்விட்டான். சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. மனைவி இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து அரசு தன் பணத்தை இறக்கியது. தனியார் யாரும் ஒரு செங்கல் வைக்கத் துணியாத நேரம். வாய்க்காலுக்கு ஒரு பாலம், தெருக்களுக்கு வடிகால், பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை என்று ஒரே சமயத்தில் மூன்று வேலை. வாய்க்காலின் இக்கரையில் இருக்கும் இரண்டு தெருக்காரர்களை வைத்தே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் வாரக் கூலி கைக்கு வந்ததும் சிமெண்ட் கடைக்காரர் துருப்பிடித்த ஷட்டரை இரண்டு பேர் துணையோடு தூக்கினார். பாலத்தடியில் ஒரு சாப்பாட்டுக் கடை முளைத்தது. தையல்காரர் அடகு வைத்திருந்த மிஷினை மீட்டார். பள்ளிக்கூடத்தில் பெயர் நீக்கப்பட்டிருந்த பிள்ளைகள் மறுபடி பெயர் எழுதிக்கொண்டார்கள். முக்கில் கூட்டம் கரைந்தது. அடிதடியில் பல் விழுவதும் நின்றது.

பாலத்துக்குப் பொறுப்பு ஓர் இளம் பெண் இன்ஜினியர். முறுக்கனைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வேலைக்கு எடுத்தார்.

"நல்லாக் கட்டுவீங்கன்னு சொன்னாங்க. நல்லா அடிப்பீங்கன்னும் சொன்னாங்க. இங்க கட்டுறது மட்டும்தான். யார் மேல கை விழுந்தாலும் அன்னைக்கே வெளிய."

"சரிங்கம்மா."

மனைவியும் அதையேதான் வேறு விதமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பாலம் முடியும்வரை யாரையும் அடிக்காமல் வேலைக்குப் போனால் வீட்டுக்கு வருவாள். ஒரு அடி அடித்தாலும் வரமாட்டாள்.

கொத்தனாரும் அதே வேலையில் இருந்தார். தாடை ஒரு பக்கமாகக் கோணிக் கூடியிருந்தது.

"மாப்ள, சாவியைக் கையில வச்சுக்கிட்டு என் பக்கத்துல வராத. எனக்கு மிச்சம் ஒரு பக்கம்தான் இருக்கு."

"ஒரு பக்கத்துக்கே இந்தப் பேச்சு. ரெண்டும் இருந்தா ஊரையே வித்துருப்பீங்க மச்சான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். கொத்தனார் சிரிக்கவில்லை. சிரித்தால் அவருக்கு வலிக்கும்.

பாலத்தின் இரண்டு ஓரத்திலும் நடைபாதை. கீழே தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைபோன்ற தளம். இப்படி நீட்டி நிற்கும் தளத்துக்கு முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சாதாரணத் தளத்தில் கட்டிப் பழகிய கை, தன்னை அறியாமல் அதைக் கீழே கட்டிவிடும். சரியாகக் கட்டினாலும், கான்கிரீட் போடும்போது ஆட்கள் ஏறி மிதித்தால் கம்பி கீழே அமுங்கிவிடும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் கொடுத்த முட்டுகளை எடுக்கிற அன்று தளம் மொத்தமாக முறிந்து விழும். அதனால் முறுக்கன், கம்பியைத் தாங்க, 'சேர்' என்று சொல்லும் நான்கு கால் வளைத்த கம்பித் துண்டுகளை வழக்கத்தைவிட நெருக்கமாக வைத்தான். இருபது சேர்களை உபரியாகவும் வளைத்து ஓரத்தில் போட்டிருந்தான்.

கான்கிரீட் போடும் நாள், காலை பதினொரு மணி. பாதித் தளம் முடிந்திருந்தது. அக்கரையிலிருந்து முப்பது பேர் கட்டையும் குழாயுமாக வந்தார்கள். முன்னால் வந்தவன் தொழிற்சாலையில் மூட்டை தூக்கிய லோடுமேன்.

"அரசாங்கப் பணம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் இறங்குமா? எங்க புள்ளைங்க மண்ணத் திங்கணுமா? நிறுத்துடா மிஷின!"

இன்ஜினியர் பேச வாயெடுப்பதற்குள் முதல் கட்டை இறங்கிவிட்டது. மிக்ஸர் ஓட்டியவனுக்கு மண்டை பிளந்தது. கான்கிரீட் சட்டி தூக்கிய பெண்ணை ஒருவன் தலைமுடியைப் பிடித்து ஜல்லிக் குவியலில் தள்ளினான். சாப்பாட்டுக் கடைக்காரி கொதிக்கிற தண்ணீரை அண்டாவோடு தூக்கி ஊற்றினாள். இரண்டு பேர் அலறிக்கொண்டு வாய்க்காலில் குதித்தார்கள். இக்கரை ஆள் ஒருவனின் காது பாதி கிழிந்து தொங்கியது. மண்வெட்டி, கரணை, கல், எது கையில் அகப்பட்டதோ அதெல்லாம் பறந்தது.

முறுக்கன் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். அப்போது எட்டுப் பத்துப் பேர் நடைபாதைக் கம்பிமேல் ஏறி ஓடினார்கள். சேர்கள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது. மிதிபட்ட கம்பி அடிப்பலகையோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் கொட்டிய கான்கிரீட் அதை நோக்கி மெல்ல வழிந்து வந்தது. மூடிவிட்டால் பிறகு தூக்க முடியாது. தளம் விழுந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். இரண்டு தெருவும் பழையபடி முக்கில் போய் நிற்கும்.

சாவியை எறிந்துவிட்டு விளிம்பில் மண்டியிட்டான். இடது கையால் கம்பியைத் தூக்கி, வலது கையால் உபரி சேரை அடியில் செருகினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் முதுகில் குழாய் விழுந்தது. அடித்த அக்கரைக்காரன் கத்தினான்.

"எந்திரிடா! அடிக்கத் தெரியாதா உனக்கு?"

திரும்பவில்லை. அடுத்த அடி வலது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. கை தொங்கிவிட்டது. இடது கையால் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தான். சேர் வைக்கத்தான் கையில்லை.

யாரோ எதிரே மண்டியிட்டார்கள். கொத்தனார். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தில் ஒரு கண் மூடியிருந்தது.

"தூக்கு மாப்ள. நான் வைக்கிறேன். எவ்வளவு உயரம்?"

"கம்பிக்குக் கீழ என் சுண்டுவிரல் நீளம் இடம் இருக்கணும் மச்சான்."

அப்படியே நகர்ந்து நகர்ந்து போனார்கள். அடித்தவன் மறுபடி ஓங்கினான். கொத்தனார் தலையைத் தூக்காமலே, பக்கத்தில் கிடந்த, தளத்தை மட்டம் தட்டும் மட்டக்கட்டையை வீசினார். அது அவன் முழங்காலில் பட்டு, அவன் சுருண்டு விழுந்தான்.

போலீஸ் வந்தபோது இக்கரை ஆட்கள் பதினொரு பேர் தரையில் கிடந்தார்கள். அக்கரைக்காரர்களில் ஓடியவர்கள் போக, பன்னிரண்டு பேர் பிடிபட்டு நின்றார்கள். மிக்ஸர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டோடு புதியது ஒட்டாது.

"ஆள் பத்தாது," என்றார் இன்ஜினியர். அவர் உதடும் வீங்கியிருந்தது.

முறுக்கன் விளிம்பிலிருந்தே கத்தினான். "டேய் லோடு! சட்டி தூக்க வாங்கடா!"

லோடுமேன் நம்பாமல் பார்த்தான். "அடிச்சவங்களையா கூப்பிடுற?"

"அடிக்கத் தெம்பு இருக்கில்ல? அந்தத் தெம்பு சட்டிக்குப் போதும். வா."

இன்ஸ்பெக்டர் மறித்தார். இன்ஜினியர் கையைக் கூப்பினார். "கேஸ சாயங்காலம் போடுங்க சார். கான்கிரீட் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காது."

போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, பன்னிரண்டு பேரும் சட்டி தூக்கினார்கள். மூன்று மணிக்குத் தளம் முடிந்தது. நான்கு மணிக்கு அவர்களை வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் பெயரையும் அன்றைய கூலிக்கான ஆள்பட்டியலில் இன்ஜினியர் எழுதியிருந்தார். அக்கரையைச் சேர்க்காமல் விட்டது தவறு என்று மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதமும் எழுதினார். அடுத்த மாத வடிகால் வேலையில் அக்கரைத் தெருவும் சேர்ந்தது. காது கிழிந்தவன் மட்டும் இன்றுவரை லோடுமேனைக் கண்டால் எச்சில் துப்புகிறான்.

கான்கிரீட் போட்ட பதினைந்தாம் நாள் முட்டு பிரித்தார்கள். நீட்டி நிற்கும் தளத்துக்கு நுனியிலிருந்துதான் முட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். முறுக்கன் வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி நடைபாதைக்கு நேர் கீழே போய் நின்றான்.

"வெளிய வாங்க," என்றார் இன்ஜினியர்.

"கட்டினவன் நான்ங்கம்மா. விழுந்தா என் மேல விழட்டும்."

கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். கடைசி முட்டுக்கட்டையைச் சம்மட்டியால் தட்டிவிட்டார்கள். பலகை இறங்கியது. கண்ணில் தூசி விழுந்தது. தளம் அசையவில்லை.

கொத்தனார் வேட்டியை உதறினார்.

"காலைல நீ பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்த வீட்டுச் சாவியை என் தங்கச்சி கேட்டு வாங்கிட்டா. கூட்டிப் பெருக்கிட்டு இருப்பா. உடனே போய் நிக்காத. இருட்டினப்புறம் போ. போனதும் வாயைத் திறக்காத."

"பேசாம என்ன மச்சான் பண்றது?"

"சாப்பாடு போட்டா சாப்பிடு."