பேச்சியக்காவின் கொழுந்துக் கூடை

பேச்சியக்கா போய்விட்டார் என்று வண்டிப்பெரியாரில் பஸ் ஏறும்போது கண்டக்டர் சொன்னார். ஏறிய காலைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர், அவர் ஆயா. படித்தவன் நான், பார்க்கத் தெரிந்தவர் அவர். இதைச் சொல்ல அவர் சாகும்வரை காத்திருந்தேன் என்பது வெட்கமாக இருக்கிறது.

மாடத்தியின் மகள் செல்வியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏழு வயது. முகம் வீங்கி வந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு முகம் வீங்கினால் நான் யோசிப்பதே கிடையாது. சிறுநீரகக் கோளாறு, உப்பை நிறுத்து, மருந்தைக் குடி, அவ்வளவுதான். பேச்சியக்கா பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பார்த்தார்.

"ஐயா, காலு வத்திக் கிடக்கு, மூஞ்சி மட்டும் வீங்குது. கழுத்து நரம்பு பொடச்சு நிக்கி. ஆத்தா முதுகுல சாஞ்சு உக்காந்துதான் உறங்குதாம்."

"ஊசியக் கழுவி வைங்க, போதும்" என்றேன்.

பத்தே நாளில் மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி போகும் ரோடு மூன்று மைல் கீழே. நோயாளியைக் கம்பளியில் படுக்கவைத்து, கம்பில் கட்டித் தூக்கிப் போவதுதான் எங்கள் மலை வழக்கம். "படுக்கப் போடாதீங்கய்யா, புள்ள தாங்காது" என்று அவர் கம்பளியைப் பிடித்து இழுத்தார். நான் அதட்டிப் படுக்கவைத்தேன். முதல் வளைவு தாண்டுவதற்குள் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. பேச்சியக்கா யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, செல்வியை அதில் உட்காரவைத்து, முதுகில் சுமந்து இறங்கினார். பிள்ளைக்கு மூச்சு திரும்பியது.

நெஞ்சுக்குள் ஒரு கட்டி. தலையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் இறங்கும் பெரிய குழாயை அது நெரிக்கிறது என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். படுக்கவைத்தால் மூச்சும் அடைக்குமாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் செல்வி இறந்தாள்.

"உசுருள்ள புள்ளய எலக் கூடையில வச்சுத் தூக்குனா நிக்குமா?" என்று லயமே பேசியது. மாடத்தி அதன்பின் பேச்சியக்காவின் முகத்தில் விழிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா ஒங்க கையால மருந்து வாங்க ஒரு புள்ள வராதுய்யா. ஏச்ச நான் வாங்கிக்கிடுதேன். நீங்க இனிமே கேட்டுட்டுப் படுக்கப் போடுங்க."

எப்படி உறங்குகிறது என்று கேட்காமல் அதன்பின் எந்தப் பிள்ளையையும் நான் படுக்கவைத்ததில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

மாடத்தி, யாராவது இதை உனக்குப் படித்துக் காட்டுவார்கள். உன் மகளைக் கூடை கொல்லவில்லை. கூடையில்தான் அவள் மூச்சு விட்டாள். கம்பளியில் படுக்கப் போட்டவன் நான்.