மதம் மாத்த வந்தவள்

யார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலும், சந்தனமேரி முதலில் சங்கிலியில் தொங்கும் சிலுவையை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாள். பதினோரு வருடமாக இதே பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆவூரிலிருந்து பஸ் ஏறி, குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது அவள் வேலை.

அவளுடைய அப்பா அருள்தாஸ் உபதேசியாராக இருந்தவர். யாரையாவது ஞானஸ்நானத்துக்குக் கூட்டிவந்தால் 'ஓர் ஆத்துமாவைச் சேர்த்தேன்' என்பார். வீட்டில் அன்றைக்குப் பாயசம். பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதே காரியத்துக்கு 'மதம் மாத்துறது' என்று பேர். சேர்த்தேன் என்றவருக்குப் புண்ணியமாக இருந்தது, மாத்துறாங்க என்றவர்களுக்குத் திருட்டாக இருந்தது. சந்தனமேரி இரண்டு சொல்லையும் வாயில் எடுப்பதில்லை.

அவளிடம் பயிற்சி எடுக்கும் சொர்ணவல்லிக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இரண்டு கை விரல்களையும் கோத்து, நல்ல கையால் விழுந்த கையைத் தாங்கித் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பத்து எண்ணும்வரை இறக்கக் கூடாது. வலி பொறுக்க சொர்ணவல்லி கண்ணை மூடிக்கொள்வாள். எதிரே உட்கார்ந்து சந்தனமேரி மெல்லிய குரலில் எண்ணுவாள். சொர்ணவல்லியின் கொழுந்தன் சிவசாமி ஜன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தான். போனில் படம் பிடித்து, ஷார்ஜாவில் இருக்கும் அவள் மகன் பிரசாந்துக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலமே பிரசாந்த் கூப்பிட்டான். அம்மாவை மதம் மாத்தப் பார்க்கிறீங்க, இனி வர வேண்டாம், வந்தால் உங்க மேலதிகாரிக்குப் புகார் எழுதிப் போடுவேன் என்றான். வேலை போவதைவிட, விரல் அசைய ஆரம்பித்த நேரத்தில் பயிற்சியை விட்டால் அந்தக் கை அப்படியே இறுகிவிடுமே என்பதுதான் சந்தனமேரியின் பயம். தினமும் ஜெபமாலையில் ஒரு மணியை அந்தக் கைக்காக உருட்டுவாள். யாரிடமும் சொன்னதில்லை. இதுவும் மாத்துறதில் சேருமோ என்று நாலு நாளும் யோசித்தாள். சேராது என்றுதான் பட்டது.

ஐந்தாம் நாள் அவளுக்கு வீடியோ கால் வந்தது. சிவசாமி போனைப் பிடித்திருக்க, சொர்ணவல்லி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கட்டத்தில் பிரசாந்த். சொர்ணவல்லி மகனிடம்தான் பேசினாள்.

"ஏன்டா, எனக்காக ஒங்க மாதாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு தாயினு நாந்தான் இவகிட்டக் கெஞ்சுனேன். இவ வாயத் தொறக்கல. 'எறக்காதீங்கம்மா, இன்னும் ரெண்டு இருக்கு'ங்கிறா. இவளாடா என்னைய மாத்துறவ?"

சொல்லிவிட்டு வலது கையைத் தனியாகத் தூக்கிக் காட்டினாள். தோள்வரை வந்தது. போதும் மதினி, இறக்குங்க என்று பதறிய சிவசாமி, "இதுக்குப் பேரு எக்சர்சைஸுனு எனக்கு யாரு சொன்னா?" என்று முனகினார்.

பிரசாந்த் சந்தனமேரியைக் கேட்டான்.

"அக்கா, நாளைக்கு வாரீங்களா?"

"வாரேங்க," என்றாள் சந்தனமேரி.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் போகிறாள். சொர்ணவல்லி வலது கையாலேயே சோறு பிசைந்து சாப்பிடுகிறாள். சடை பின்னத்தான் இன்னும் வரவில்லை.